மாமா, நீங்கள் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறீர்கள்

பிரியமுள்ள மாமாவுக்கு, ஜன்னலோரமாக இடம் கிடைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் உங்கள் மருமகள் புஷ்பா எழுதிக்கொள்வது.

குண்டசாலையில் இன்று காலையும் பனிதான். ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்து முற்றத்துக் கொய்யா மரத்தை மூடியது, ரோட்டோரக் கேற்றை மூடியது, பிறகு ஒவ்வொன்றாக மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. அத்தை வாசலில் கதிரை போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேற் தெரிந்ததும், "இப்பதான் போறாரு, பாரு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்கள் வளைவில் திரும்புவது எனக்கும் கொஞ்சம் தெரிந்த மாதிரிதான் இருந்தது.

இந்த வீட்டுக்குள் நீங்கள் சாகவில்லை மாமா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கடைக்குப் போகிறீர்கள், பொழுது சாயும் நேரம் டவுனில் பஸ் ஏறுகிறீர்கள், பாலத்தடி வரைக்கும் வந்துவிடுகிறீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வீட்டுக்குள் ஒரு மூலையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். என்னைப் போல வீட்டில் மறதி நோய்க்காரரை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் உங்கள் மகன் சிவாவும் சொன்னார். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் நடுவில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் சுருக்கமாகச் சொல்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா?

அத்தைக்கு மறதி தொடங்கியது நீங்கள் இருக்கும்போதே. உப்பை இரண்டு தடவை போடுவார், துவைத்த உடுப்பையே திரும்பத் துவைப்பார். வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். எழுபது தாண்டியும் டவுனில் அந்த இரும்புச் சாமான் கடைக்கு வேலைக்குப் போனீர்கள். திரும்பும்போது தினமும் பஸ் ஏறியவுடன் எனக்குப் போன் போடுவீர்கள். "புள்ள, பஸ் ஏறிட்டேன். அவகிட்ட சொல்லு" என்பீர்கள். அவ்வளவுதான் பேச்சு. நான் சொல்லுவேன், அத்தை எழும்பிப் போய் அடுப்பில் கேத்தலை வைப்பார். மனுஷனுக்குத் தேத்தண்ணி மேல் அவ்வளவு ஆசை என்று நானும் சிவாவும் உங்களைக் கேலி பண்ணுவோம்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நாலு நாள் கூட எங்களைக் கஷ்டப்படுத்தவில்லை. அப்படிப் போகிற மனுஷனா நீங்கள்?

கருமாதியன்று பெரியவர்கள் கூடி முறைப்படி அத்தையின் பொட்டை அழித்தார்கள். அத்தை அழுதார், நாங்கள் எல்லாரும் அழுதோம். உங்கள் படத்துக்குப் பெரிய மாலை போட்டு ஹோலில் மாட்டினோம். மறுநாள் காலையில் அத்தை குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவி முடித்துவிட்டு, "புள்ள, என் குங்குமச்சிமிழ் எங்க?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மாத்தளையில் இருந்து உங்கள் மகள் வசந்தா அண்ணி வந்திருந்தார். உண்மையை மெதுவாகச் சொல்லு, ஆனால் சொல்லு, இல்லையென்றால் மனசில் பதியாது என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே சொன்னேன். மாமா போய்விட்டார் அத்தை, இனிமேல் பொட்டு வைப்பதில்லை என்றேன். அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எப்ப, எப்படி, ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கதறினார். மறுநாளும் குளித்துவிட்டு வந்தார், கண்ணாடி முன் நின்றார், சிமிழைக் கேட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு சாவுக்கு ஒரு தடவை அழுதால் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் நீங்கள் புதிதாகச் செத்தீர்கள்.

சிமிழை ஒளித்து வைத்தேன். கண்ணில் படாவிட்டால் ஞாபகம் வராது என்று நினைத்தேன். அத்தை யாரு? கல்யாண வீடுகளுக்கு நான் போடும் லிப்ஸ்டிக்கைத் தேடி எடுத்து வட்டமாக வைத்துக்கொண்டார். அதையும் ஒளித்தேன். சிவாவின் சிவப்புப் பேனையால் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நாங்கள் சிரிக்கவும் செய்தோம், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நாள் குசினியில் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து, அதைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் வைத்துவிட்டார். கண்ணெல்லாம் பரவி, எரியுது எரியுது என்று துடித்தபோது சிவா முதல் தடவையாக என்னிடம், "நம்மால முடியல புஷ்பா" என்றார்.

பேராதனையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் பார்த்து மருந்து எழுதினார். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, போனைத் தாங்க என்று வாங்கினார். சிங்களப் பெண், தமிழை உடைத்து உடைத்துப் பேசினார், ஆனால் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை. "மருந்து அம்மாவுக்கு. இது ஒங்களுக்கு" என்று என் போனில் ஒரு ஆப்பை இறக்கித் தந்தார். மறதி நோய்க்காரரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆட்களுக்காகச் செய்ததாம். நான் கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தவள், ஊரில் அத்தனை பேருடைய போனுக்கும் காசு ரீலோட் போட்டுக் கொடுத்தவள். ஆனால் எனக்கென்று போனில் யாரும் எதையும் போட்டுத் தந்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் தோளில் தூங்கிவிட்டார். தென்னேகும்புர பாலத்தில் நெரிசல். கீழே ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது. சும்மா அந்த ஆப்பைத் திறந்தேன். தமிழைத் தட்டியதும் ஒரு வரி வந்தது: பராமரிப்பாளரே, இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அதற்குக் கீழே சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும் வரிசையாக முகங்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது மாமா. பராமரிப்பாளரே என்று ராஜாவைக் கூப்பிடுகிற மாதிரி. நம் வீட்டில் யார் என்னை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டது? அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அத்தை எப்படி இருக்கிறார் என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள், கடைக்காரர் கேட்டார், பஸ் கொண்டக்டர் கூடக் கேட்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று உங்களுக்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை. எந்த முகத்தை அமுக்குவது என்று தெரியாமல் பாலம் முடியும் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அது பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. அத்தையின் நாள் எப்படிப் போனது என்று காலை, பகல், மாலை என மூன்று தடவை குறிக்கச் சொல்லும். எரிச்சலா, அமைதியா, சாப்பிட்டாரா என்று கேட்கும். சின்னச் சின்ன யோசனைகள் சொல்லும், குளிக்க மறுத்தால் என்ன செய்வது, வெளியே போக நின்றால் என்ன பேசுவது என்று. தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், புரிந்துவிடும். வீட்டில் மற்றவர்களையும் அதில் சேர்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஞாயிறு காலை அத்தைக்குத் தலை சீவுவது சிவா என்று போட்டேன். கல்யாணமான நாளில் இருந்து நான் சொன்ன எதற்கும் எழும்பாத உங்கள் மகன், போன் ஒரு தடவை மணியடித்ததும் சீப்பை எடுத்துக்கொண்டு போனார். அத்தை தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு, "யாரு தம்பி நீ, நல்லா சீவுற" என்றார். சிவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வேலையை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறார்.

அதிலேயே எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. எழுத நேரமில்லாதவர்கள் குரலில் பேசி அனுப்பலாம். அப்படி ஒரு பெண் அப்போதுதான் பேசி அனுப்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பேச்சுக்குப் பின்னால் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவின் பாட்டு கேட்டது. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் அதே பாட்டு எங்கள் கேற்றடியில் கேட்டது. உங்கட பக்கமும் பாண் ஆட்டோ வருதா, எந்த ஊர் என்று கேட்டால், நமக்கு இரண்டு ரோட் தள்ளித்தான் வீடு. நசீமா என்று பெயர். அவளுடைய வாப்பாவுக்கும் அத்தையைப் போலத்தான். இத்தனை வருஷமாக ஒரே பாணைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே கஷ்டத்தைத் தனித்தனியாக அனுபவித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நசீமாதான் முடிச்சை அவிழ்த்தாள். என் ஆப்பில் அத்தையின் காலைகள் எல்லாம் அழுகிற முகமாகவே வருகிறது என்று புலம்பினேன். வழக்கமாகப் பொழுது சாயும்போதுதான் இவர்களுக்குத் தடுமாற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது, இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டேன். காலையில வீட்டில என்ன நடக்குது என்று கேட்டாள். சொன்னேன்.

"எங்கட வாப்பா சுபஹுத் தொழுகைக்கு எழும்பி கடை திறக்கணும் எண்டு நிப்பார்," என்றாள். "கடை வித்து எத்தினை வருஷம். அதை அவருக்குச் சொல்லி என்ன கிடைக்கப்போகுது? இண்டைக்குப் பௌர்ணமி, போயா லீவு வாப்பா எண்டுவன். சரி மகள் எண்டு இருந்திருவார். உங்கட மாமி கேக்கிறது ஒரு துளி குங்குமம். நீங்க ஏன் மௌத்துச் செய்தியைக் கொண்டுபோய்க் குடுக்கிறீங்க?"

மறுநாள் காலை சிமிழை எடுத்துக் கண்ணாடி முன்னால் வைத்தேன். அத்தை குளித்து வந்தார், தலை சீவினார், சிமிழைத் திறந்து மோதிர விரலால் தொட்டு வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான் மாமா. கேத்தலை வைக்கப் போய்விட்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் கொய்யா மரத்தடியில் போய் நின்று அழுதேன்.

அந்தச் சிமிழில் இருந்தது நீங்கள் கொண்டுவந்த குங்குமம். வெள்ளிக்கிழமைகளில் டவுன் கோயிலில் வாங்கி, பேப்பர் துண்டில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவீர்கள். பை எப்போதும் சிவந்திருக்கும், துவைக்கிறவள் நான், மறக்க முடியுமா?

அதற்குப் பிறகு உங்கள் மாலை போட்ட படத்தை ஹோலில் இருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கோபிக்க வேண்டாம். வாவிக்கரையில் நீங்களும் அத்தையும் சேர்ந்து நிற்கும் படத்தை அந்த இடத்தில் மாட்டினேன். பொழுது சாயும் நேரம் அத்தை அங்குமிங்கும் நடக்கத் தொடங்கினால், மாமா பஸ் ஏறிட்டாராம் அத்தை என்பேன். உடனே நடை நின்றுவிடும். எங்க வாறாராம் என்பார். பாலத்துக்கிட்ட வந்துட்டாராம் என்பேன். கேத்தல் அடுப்பில் ஏறும். தேத்தண்ணி ஊற்றி முடிக்கும்போது யாருக்காக ஊற்றினோம் என்பது அத்தைக்கு மறந்துபோயிருக்கும். உங்கள் கோப்பையை நான்தான் குடிக்கிறேன். சீனி அநியாயத்துக்கு அதிகம் மாமா, எப்படிக் குடித்தீர்கள்?

ஒரு நாள் அப்படிக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஆப்பில் ஒரு யோசனை வந்தது. மாலை நேரத்தில் தினமும் ஒரே மாதிரி ஒரு காரியம் நடந்தால் அவர்களுக்குப் பொழுதின் மேல் ஒரு பிடிமானம் கிடைக்கும் என்று. கோப்பையை வைத்துவிட்டேன். நீங்கள் தினமும் பஸ் ஏறிப் போட்ட போனுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. தேத்தண்ணி ஆசையா அது? மறதி தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் தனியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தீர்களா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வீடு அமைதியானது. காலையும் மாலையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நாட்கள் போயின. சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் கேற் பக்கம் பார்ப்பேன். பொய் சொல்லிச் சொல்லி அது எனக்குள்ளும் குடிவந்துவிட்டதோ என்று பயமாகவும் இருக்கும், ஒரு பக்கம் சுகமாகவும் இருக்கும்.

அந்த அமைதியை உங்கள் மகன்தான் கெடுத்தார். ஞாயிறு தலை சீவி முடித்ததும், அம்மா அழகாக இருக்கிறாள் என்று ஒரு படம் எடுத்து ஆப்பில் குடும்பத்துக்கென்று இருக்கிற பக்கத்தில் போட்டுவிட்டார். மாத்தளையில் இருக்கிற வசந்தா அண்ணியையும் அதில் சேர்த்திருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இல்லை. அத்தை நெற்றியில் ரூபாய்க் குற்றிக் காசு அளவு பொட்டு. தலையில் பூ வேறு.

அன்றைக்கே போன் வந்தது. அப்பா போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் இது என்ன கோலம், ஊர் என்ன சொல்லும் என்று அண்ணி கேட்டார். நான் ஆப் சொன்னதை, நசீமா சொன்னதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். போன் சொல்லுதுன்னு தாலி அறுத்தவளுக்குப் பொட்டு வைப்பியா என்றார். எனக்கும் கோபம் வந்தது. தினமும் காலையில் வந்து நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். வருகிறேன், வருஷத் திதி முடிந்ததும் அம்மாவை மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூட்டிப் போகட்டுமே என்று ஒரு மனசு சொன்னது மாமா. முழு இரவு தூங்கலாம், திரும்ப வேலைக்குப் போகலாம். ஆனால் அத்தை அந்த வீட்டில் கண் விழித்தால் கேற் எங்கே, கேத்தல் எங்கே, நீங்கள் வருகிற வழி எங்கே? இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும். அங்கே ஒவ்வொரு காலையும் அவருக்கு உங்கள் சாவைச் சொல்லுவார்கள். அதை நினைத்தபோது என் கோபம் போய்ப் பயம் வந்தது.

திதிக்கு முதல் நாளே அண்ணி வந்துவிட்டார். வந்ததும் ஹோலைப் பார்த்தார். படம் எங்கே என்று கேட்டார். அலுமாரியைத் திறந்து காட்டினேன். சேலைகளுக்கு நடுவில் மாலையோடு நீங்கள். அண்ணி சத்தம் போடுவார் என்று நினைத்தேன். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து அப்பாவை உயிரோட வச்சிருக்கீங்க. அப்ப நான் யாருக்கு அழுறது, சொல்லு?"

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மாலையில் இருந்த தூசியைத் தட்டினேன்.

திதி நேரத்தில் மாலை போட்ட படத்தை அத்தை பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் அண்ணியும் நானும் ஒத்துக்கொண்டோம். காலையிலேயே அத்தையை நசீமா வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே போவது அத்தைக்குப் பிடிக்கும். நசீமாவின் வாப்பாவிடம் அத்தை அரிசி விலை கேட்பார், அவர் இன்றைக்குப் பழைய விலைதான் என்பார், இரண்டு பேரும் திருப்தியாக உட்கார்ந்திருப்பார்கள். நசீமா ஆட்டோவோடு வந்து நின்றாள்.

ஆனால் மாத்தளையில் இருந்தும் அம்பிட்டியவில் இருந்தும் சொந்தக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். அத்தை எட்டிப் பார்த்தார். வீடு நிறைய ஆள் வருது, என்னை எங்க போகச் சொல்லுற என்று என்னையே அதட்டினார். வந்தவங்களுக்கு உட்கார இடம் போட்டியா, தேத்தண்ணி கொடுத்தியா என்று கேட்டார். எத்தனை வருஷம் இந்த வீட்டை நடத்திய மனுஷி. அவரை ஆட்டோவில் ஏற்ற யாராலும் முடியவில்லை. சரி, அறைக்குள் இருக்கட்டும் என்று நசீமாவைத் துணைக்கு வைத்துக் கதவைச் சாத்தினோம்.

ஹோலில் உங்கள் படத்துக்குப் புது மாலை போட்டு, சந்தனம் வைத்து, இலை விரித்து உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். சாம்பிராணிப் புகை கூரை வரைக்கும் ஏறியது. அண்ணி படத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. அத்தை பட்டுச் சேலை உடுத்தி, பூ வைத்து, நெற்றி நிறையப் பொட்டோடு, கையில் சிமிழைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் நசீமா என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

எல்லாருடைய கண்ணும் அத்தையின் நெற்றியில். அத்தையின் கண் உங்கள் படத்தில். ஒவ்வொரு காலையும் தரையில் உட்கார்ந்து கதறிய அந்த முகம் திரும்ப வரப்போகிறது என்று நினைத்து, தாங்கிப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தேன்.

அத்தை புகைக்குள் மெதுவாக நடந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார். உற்றுப் பார்த்தார். "சந்தனத்தை வச்சுட்டு அப்படியே விட்டிருக்கீங்களே" என்றார். சிமிழைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, உங்கள் நெற்றிச் சந்தனத்தின் மேல் பொட்டு வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தார். அழுது துடைத்து அண்ணியின் பொட்டு கலைந்திருந்தது. அதே விரலால் மகளின் நெற்றியிலும் வைத்துவிட்டார்.

"அப்பாவுக்குப் போன் போட்டியா வசந்தா? பஸ் ஏறிட்டாராமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தப் பொய்யைச் சொல்கிறவள் நான்தானே. நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அண்ணி பேசினார்.

"ஏறிட்டாரும்மா. பாலத்துக்கிட்ட வந்துட்டாராம்."

அண்ணியின் குரல் அந்தக் கடைசிச் சொல்லில் உடைந்தது. அத்தை கவனிக்கவில்லை. அப்ப கேத்தலை வைக்கணும் என்று குசினிப் பக்கம் திரும்பினார். அண்ணி கூடவே போனார். கொஞ்ச நேரத்தில் தாயும் மகளும் அடுப்படியில் நின்று சீனி போதுமா என்று பேசிக்கொள்வது ஹோலுக்குக் கேட்டது. உங்கள் இலைக்குப் பக்கத்தில் அந்தத் தேத்தண்ணியும் வந்தது மாமா. அன்றைக்கு மட்டும் நான் குடிக்கவில்லை.

அத்தை மாத்தளைக்குப் போகவில்லை. கிளம்பும்போது அண்ணி தன் போனை என்னிடம் நீட்டி, ஆப்பில் மாலை வேலை என்று ஒன்று போடலாமா, அதில் என் பெயரைப் போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். இப்போது தினமும் பொழுது சாயும் நேரம் மாத்தளையில் இருந்து போன் வருகிறது. அம்மா, அப்பா பஸ் ஏறிட்டாராம் என்று அண்ணி சொல்லுகிறார். அத்தை கேத்தலை வைக்கப் போகிறார். நான் போனை வாங்கிக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போகிறேன்.

"அப்பா போயிட்டாருல்ல புஷ்பா," என்பார் அண்ணி.

"போயிட்டாரு அண்ணி," என்பேன்.

அதற்கு மேல் சில நாள் அழுவோம், சில நாள் மரக்கறி விலை பேசுவோம். வீட்டுக்குள் நீங்கள் வந்துகொண்டே இருக்கிறீர்கள், மரத்தடியில் போய்விட்டீர்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டோம். இது சரியா மாமா? தெரிந்தால் கனவில் வந்தாவது சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் மணியடித்து, பராமரிப்பாளரே, இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. நடுவில் இருக்கிற முகத்தை அமுக்கினேன். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்கு இன்று அது போதும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் டவுன் கோயிலுக்கு இப்போது நான் போகிறேன். உங்கள் குங்குமம் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே புதியதைக் கொட்டிக் கலந்துவிடுகிறேன். நான் இருக்கும் வரைக்கும் அந்தச் சிமிழ் காலியாகாது, அதில் நீங்கள் கொண்டுவந்தது ஒரு துளியாவது இருந்துகொண்டே இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. என்றைக்காவது அத்தையும் கிளம்புவார். அன்றைக்கு ஊர் என்ன சொன்னாலும் நெற்றியில் பொட்டோடுதான் அனுப்புவேன். கொய்யா மரத்தடியில் நின்று உங்களுக்கு நானே சொல்லுவேன்: அத்தை பஸ் ஏறிட்டாங்க மாமா, நீங்க தேத்தண்ணி வைங்க.

சீனியைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி,
உங்கள் கோப்பையில் குடிக்கிற மருமகள்,
புஷ்பா
குண்டசாலை